பார்சிப்பனியிலிருந்து ஓர் உறுதிமொழி

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஏழரை மணிக்கெல்லாம் பார்சிப்பனி அலுவலகத்தின் பார்க்கிங் லாட்டுக்கு வந்துவிடுவேன். மற்றவர்கள் ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள். காரை அணைக்காமல், ஹீட்டரைக் குறைத்து வைத்துக்கொண்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு போன் பேசுவேன். இலங்கையின் வடக்கில் அப்போது மாலை நேரம். கண்ணிவெடி அகற்றும் பெண்கள் வேலை முடிந்து வீடு திரும்பி, குளித்து, அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் நிறுவனம் பெரியதல்ல. போர் முடிந்த நாடுகளில் வெடி அகற்றும் குழுக்களுக்கு, சில அரசாங்கங்கள் கொடுக்கும் நிதியை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. பணம் கொடுப்பவர்களின் நிபந்தனைகளில் ஒன்று, வயலில் வேலை செய்பவர்களோடு யாராவது நேரடியாகப் பேச வேண்டும் என்பது. அங்குள்ள மேலாளர்கள் வழியாக இல்லாமல், தனியாக. பாதுகாப்பு உடை கிழிந்திருக்கிறதா, ஆம்புலன்ஸ் நிற்கிறதா, யாராவது மிரட்டுகிறார்களா என்று கேட்டு எழுத வேண்டும். அதற்குத் தமிழ் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

நான் பொள்ளாச்சிப் பக்கம். கல்யாணம் ஆகி டிபெண்டண்ட் விசாவில் நியூ ஜெர்சிக்கு வந்து, ஒன்பது வருடம் வேலை பார்க்க அனுமதி இல்லாமல் இருந்தேன். கிரீன் கார்டு வந்தபோது என் ரெஸ்யூமேயில் எழுத எதுவும் இருக்கவில்லை. அந்தச் சமயத்தில் கோயிலில் பழக்கமான ஒரு பெண்மணி, "எங்க ஆபீஸ்ல ஒரு போஸ்ட் இருக்கு, அப்ளை பண்றியா?" என்று கேட்டார். சென்னைக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அந்த நிறுவனத்தின் டைரக்டர் அவர்தான் என்பது இன்டர்வியூவுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவரும் என்னைத் தங்கை மாதிரிதான் வைத்திருந்தார். முதல் சம்பளம் வந்த அன்று கேன்டீனில் உட்கார வைத்து, "இனிமே உன் அக்கவுன்ட்ல வர்றதை உன் பேர்லயே வச்சுக்கோ, புரியுதா?" என்று சொன்னவர். வெள்ளிக்கிழமைகளில் என் கார் சர்வீஸில் இருந்தால் அவரே வந்து என்னை ஏற்றிக்கொள்வார். அவரை நான் எவ்வளவு நம்பினேன் என்று சொல்வதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

வடக்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட குழுவில் பதினொரு பெண்கள். அவர்களின் தலைவி முப்பத்தாறு வயதுப் பெண். முதல் போனில் நான், "கண்ணிவெடி எடுக்கிற இடத்துல உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருக்குங்களா?" என்று கேட்டேன்.  மறுமுனையில் சிரிப்பு.

"மிதிவெடியச் சொல்லுறீங்களோ மேடம்? நாங்கள் மிதிவெடி எண்டுதான் சொல்லுறது."

அதற்குப் பிறகு நானும் மிதிவெடி என்றே சொன்னேன். எங்கள் ஊரில் அந்தப் போர் சுவரொட்டிகளாகவும் தொலைக்காட்சிச் செய்தியாகவும்தான் இருந்தது. கல்லூரியில் ஒரு நாள் வகுப்பைப் புறக்கணித்தோம். மறுநாள் பரீட்சைக்குப் படித்தோம். அந்தப் பெண்ணுக்கு அது தன் தகப்பன் செத்த இடம், தாய் விட்டுவிட்டு ஓடிய காணி. ஒன்றிரண்டு மாதத்தில் மேடம் போய் நான் அக்கா ஆனேன்.

அவள் வேலையைப் பற்றி அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஒரு மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டிய பாதை. முழங்காலில் உட்கார்ந்து, முகத்தை மூடும் கண்ணாடியோடு, இரும்புப் பல் வைத்த வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். வெயிலில் அந்தக் கவச உடைக்குள் உடம்பு வெந்துபோகும். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவு நிலம் முடியும். சில நாள் அதுவும் முடியாது. முடிந்த இடத்தில் வெள்ளைக் குச்சி, முடியாத இடத்தில் சிவப்பு.

"பயமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"முதல் ஒரு கிழமை இருந்தது அக்கா. பிறகு முழங்கால் நோதான் பெரிசாத் தெரியும்."

அவளுடைய தாயின் காணியும் அந்த வேலைத் திட்டத்துக்குள்தான் இருந்தது. அவர்கள் சுத்தம் செய்துகொண்டிருந்த துண்டிலிருந்து இரண்டாவது துண்டு. அரை ஏக்கர், ஒரு கிணறு, தென்னை நாலு. பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்தத் தாய் உறவினர் வீட்டு வளவில் தகரக் கொட்டிலில் இருந்தாள். மகள் வெடி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்ததே அந்தக் காணியை நினைத்துத்தான். வரிசை மாற்றித் தன் காணியை முதலில் எடுக்கச் சொல்லி ஒரு முறைகூட அவள் கேட்டதில்லை. மற்றப் பெண்கள்தான் எனக்கு அதைச் சொன்னார்கள்.

போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அங்கே ஒரு பேச்சுப் பரவியது. அமெரிக்கா வெளிநாட்டு உதவியையெல்லாம் நிறுத்தப்போகிறதாம், வெடி அகற்றும் வேலையும் நிற்குமாம். பேஸ்புக்கில் ஆளாளுக்கு எழுதினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வழக்கமான கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டு, "அக்கா, ஒண்டு கேக்கட்டோ? இது உங்கட கொப்பியில எழுத வேண்டாம்" என்றாள்.

"சொல்லுங்க."

"எங்கட ரவுண் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில இருக்கிற கார்மென்ட்ஸில என்னச் சுப்பவைசர் வேலைக்குக் கூப்பிடுறாங்கள். ஆறு மாசம் ட்ரெய்னிங். வாற மாசம் முதலாந் திகதி சேர வேணும். பிறகு எடுக்க மாட்டாங்கள், வயசு கூடிப் போச்சு எண்டுவாங்கள். நான் போகட்டோ, நிக்கட்டோ? இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்ல. கொழும்பு ஆபீஸில கேட்டா, அமெரிக்காவுக்குத்தான் தெரியும் எண்டு சொல்லுகினம். நீங்கள் அங்கதானே இருக்கிறியள். கேட்டுச் சொல்லுங்கோ."

அவள் என்னிடம் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. ஒன்பது வருடம் யாரும் என்னை எதுவும் கேட்காத வீட்டிலிருந்து வந்தவள் நான்.

அந்த வெள்ளிக்கிழமை டைரக்டர் அக்காவின் காரில் போனேன். ரூட் 46-இல் டிராஃபிக் நகராமல் நின்றது. விஷயத்தைச் சொன்னேன்.  அவர் முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் முழுக்க ஃபண்டிங் இருக்குன்னு சொல்லு," என்றார்.

"கன்ஃபார்ம்டா அக்கா?"

"நான்தான் சொல்றேன்ல. அடுத்த மாசம் டோனர் ஆளுங்க ஃபீல்டு பார்க்க வர்றாங்க. நானும் போறேன். நிறுத்தப்போறவன் எவனாவது பிளேன் ஏறி வந்து பார்ப்பானா? இப்ப போய் அந்த டீம் லீடர் விட்டுட்டுப் போனா மத்தவங்களும் போயிடுவாங்க. நீ உன் வாயால சொல்லு. உன்ன நம்புறாங்க."

அந்தக் கேள்விக்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. வருபவர்கள் நிறுத்த மாட்டார்கள் என்பது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமைவரைகூட நான் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு போன் போட்டேன். "நில்லுங்க. இந்த வருஷம் ஒண்ணும் ஆகாது. நான் கேட்டுட்டேன், நான் சொல்றேன்," என்றேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். போனிலேயே கேட்டது.

"சரியக்கா. நீங்கள் சொன்னாப் போதும். அம்மான்ர காணியும் இந்த வருசத்துக்குள்ள வந்திரும்."

அவள் கார்மென்ட்ஸுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அவளைப் பார்த்து, வேறு வேலை தேடிக்கொண்டிருந்த இன்னும் இருவரும் குழுவிலேயே தங்கிவிட்டார்கள்.

நிதி கொடுக்கும் டோனர் அலுவலக ஆட்கள் வந்தார்கள். டைரக்டர் அக்காவும் போனார். மூன்று நாள். அடுத்த செவ்வாய்க்கிழமை போன் முழுவதும் அந்தக் கதைதான். வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர்கள் வந்ததையும், இவர்கள் உடை மாட்டிக் காட்டியதையும், ஒரு வெடியை அவர்கள் முன்னாலேயே பாதுகாப்பாக வெடிக்க வைத்ததையும், எல்லோரோடும் நின்று போட்டோ எடுத்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"உங்கட மேடம் எங்கட வீட்ட வந்தவ அக்கா! அந்தக் கொட்டிலுக்குள்ள குனிஞ்சு வந்து, பாயில இருந்து சாப்பிட்டவ. அம்மா புட்டு அவிச்சு, மீன் குழம்பு வச்சவ. இன்னும் கொஞ்சம் போடுங்கோ எண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ. அம்மாக்கு அழுகையே வந்திட்டுது. அம்மான்ர கையப் பிடிச்சு, 'உங்க நிலம் உங்களுக்குச் சீக்கிரம் வந்துடும்' எண்டு சொன்னவ."

எனக்கும் கண் கலங்கியது. எங்கள் டைரக்டர் எவ்வளவு நல்லவர் என்று அன்று மாலை கணவரிடம் சொன்னேன். டைரக்டர் அக்கா திரும்பி வந்ததும் என் மேஜையில் ஒரு பொட்டலம் வைத்தார். ஓலையில் பின்னிய சின்னக் குட்டானில் பனங்கட்டி, எங்கள் ஊர்க் கருப்பட்டி மாதிரி. "உனக்குன்னு குடுத்து விட்டாங்க. கஸ்டம்ஸ்ல கேப்பான்னு பயந்துட்டே கொண்டு வந்தேன்," என்றார். நானும் மகளும் நாலைந்து நாள் அதைக் கடித்துக்கொண்டு காபி, பால் என்று குடித்தோம்.

அவர் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வேலையை உடனே நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்று அலுவலகத்தில் யாரும் உட்காரவில்லை. கான்ஃபரன்ஸ் அறையில் டைரக்டர் அக்கா அதைப் படித்தார். வயலில் இருக்கும் எல்லா வேலையும் நிற்க வேண்டும். கடிதம் கிடைத்த நேரத்திலிருந்து ஒரு செலவும் செய்யக் கூடாது. அங்கிருந்த இரண்டு பேர் அழுதார்கள். அக்கா அழவில்லை. "ஐ ஆம் ஆஸ் ஷாக்ட் ஆஸ் யூ ஆர்," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். நான் போய் அவர் தோளைத் தொட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "டீமுக்கு நீயே சொல்லிடு. கொழும்பு ஆபீஸ் லெட்டர் அனுப்பும், ஆனா இங்கிலீஷ்ல வரும். உன் குரல்ல கேட்டா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்," என்றார்.

அங்கே நன்றாக விடியும்வரை காத்திருக்க முடியாது. அவர்கள் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள், வயலுக்குள் இறங்கும் முன் தடுக்க வேண்டும். எங்கள் முன்னிரவில், அவர்கள் காலை ஆறு மணிக்கு லாரியில் ஏறும் சமயம் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பின்னால் மற்றப் பெண்களின் பேச்சு, எஞ்சின் சத்தம்.

கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். 'மறு அறிவிப்பு வரும்வரை' என்ற இடத்தை இரண்டு தடவை சொன்னேன். எஞ்சினை யாரோ அணைத்தார்கள்.

"அப்ப இண்டைக்கு உள்ளுக்குப் போகக் கூடாதோ?" என்று கேட்டாள்.

"கூடாது."

"பாதி எடுத்த பாதை கிடக்குதக்கா. ஒரு வெடி தட்டுப்பட்டு, மேல் மண்ண எடுத்து விட்டுட்டு வந்தனாங்கள். இண்டைக்குத்தான் அத அழிக்கிறது. அது அப்பிடியே திறந்து கிடக்கு."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோதே எனக்கு உறைத்தது.  அன்று அந்தப் பெண்கள் சம்பளம் இல்லாமல், அனுமதியும் இல்லாமல், ராணுவத்திலிருந்து ஆள் வந்து அந்த வெடியை அழிக்கும்வரை சிவப்புக் குச்சிகளுக்கு வெளியே வெயிலில் காவல் நின்றார்கள். பக்கத்து வளவுப் பிள்ளைகள் ஆடு தேடி உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக. இது எந்த அறிக்கையிலும் இல்லை. நான் எழுதிக் கொடுத்தேன், சேர்க்கவில்லை.

சம்பளம் நின்றது. எங்கள் அலுவலகத்திலும் ஆட்களைக் குறைத்தார்கள். எனக்கு இரண்டு மாதம் கொடுத்து, பழைய கோப்புகளையெல்லாம் மூடி வைக்கும் வேலையைத் தந்தார்கள். அந்தத் திட்டம் சம்பந்தமான எல்லாக் கடிதங்களையும் தேதி வாரியாக ஒரே ஃபோல்டரில் அடுக்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், சாம்பார் சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். டோனர் அலுவலகத்திலிருந்து டைரக்டருக்கு வந்த ஒரு மின்னஞ்சல். திட்டம் நிறுத்தப்பட வாய்ப்பு மிக அதிகம், தயாராக இருங்கள், இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருந்தது. தேதியைப் பார்த்தேன். நாங்கள் ரூட் 46-இல் டிராஃபிக்கில் நின்ற அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின செவ்வாய்.

அதற்குக் கீழே, அதை எங்கள் நிறுவன வக்கீலுக்கு அனுப்பி அக்கா எழுதிய குறிப்பு. டோனர் ஆட்கள் வந்து பார்க்கும்வரை குழு கலையக் கூடாது, முழுக் குழுவையும் வேலையில் பார்த்தால் மனம் மாற வாய்ப்பிருக்கிறது என்று எழுதியிருந்தார். கடைசி வரி: வயலில் இருப்பவர்களைத் தமிழ் லைன் மூலம் சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

தமிழ் லைன் என்றால் நான். என் பெயரைக்கூட அவர் எழுதவில்லை.

சாப்பாட்டை மூடி வைத்தேன். அவர் அறை காலியாக இருந்தது. போன வாரமே ராஜினாமா செய்திருந்தார். ஹூஸ்டனில் ஓர் அறக்கட்டளையில் பெரிய வேலை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேக் வெட்டி வழியனுப்பியிருந்தோம். என் பங்குக்கு நான் ஒரு காஞ்சிபுரம் பட்டு எடுத்துக் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் லேப்டாப்பை மூடாமலே கேட்டார். "கார்ப்பரேட்ல இதெல்லாம் நார்மல். லேஆஃப் வருதுன்னு தெரிஞ்சா எந்த மேனேஜர் சொல்வான்? நீ எதுக்கு இதை பர்சனலா எடுத்துக்கற?"

"நான்தானங்க அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்."

"நீ தெரியாமத்தானே சொன்ன?"

அந்தப் பதில் எனக்கும் வசதியாக இருந்தது. கொஞ்ச நாள் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அக்காவுக்கு ஒரு மெசேஜ் எழுதி எழுதி அழித்தேன். போன் போட்டால் எடுக்கவில்லை. 'நியூ ஜாப், கிரேஸி பிஸி மா, வீக்கெண்டு பேசறேன்' என்று வந்தது. எந்த வீக்கெண்டும் பேசவில்லை.

நாலு மாதம் கழித்துக் கணவரின் அத்தை மகன் ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டில் வீடு வாங்கிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டான். அக்காவின் வீடும் அந்த ஊரில்தான் என்று எனக்குத் தெரியும். போகலாம் என்று நான்தான் அடம் பிடித்தேன். விழா முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மீனாட்சி கோயிலுக்குப் போனோம். தேடிப் போனேன் என்றே சொல்லலாம். தரிசனம் முடித்து கேன்டீன் பக்கம் வந்தபோது, தட்டில் தோசையோடு ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கட்டியிருந்தது நான் கொடுத்த பட்டு.

"அட, என்னம்மா! எப்ப வந்த? சொல்லவே இல்ல! வா, உக்காரு. மெலிஞ்சுட்ட."

உட்கார்ந்தேன். கணவரும் மகளும் வரிசையில் நின்றார்கள். அதிக நேரம் இல்லை என்று தெரிந்ததால் நேராகக் கேட்டேன்.

"அக்கா, நிறுத்தப் போறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமில்ல?"

தோசையைக் கிள்ளிய கை நின்றது. மறுக்கவில்லை. அதை நான் அவருக்கு நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

"ஃபைல் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நிறுத்தலாம்னுதான் இருந்தது. நிறுத்துவோம்னு இல்ல."

"அப்ப அதையே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அன்னைக்கே பாதிப் பேர் கெளம்பியிருப்பாங்க. வந்தவங்களுக்கு எதைக் காட்டறது, காலி நிலத்தையா? நான் அந்த ப்ராஜக்ட்டைக் காப்பாத்தத்தான் பார்த்தேன். உனக்குத் தெரியாது, எத்தனை நாள் தூங்கல நான்."

"அவங்க வீட்டுக்குப் போனீங்க. அந்தம்மா கையப் பிடிச்சு நிலம் வந்துடும்னு சொன்னீங்க."

"ஆமா. வேற என்ன சொல்லச் சொல்ற? வராதுன்னா?"

"சரி, உங்களுக்கு வேற வழியில்ல. என்னை எதுக்கு சொல்ல வச்சீங்க? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல. நான் உங்களை என்னன்னு நெனச்சிருந்தேன்!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. கொஞ்சம் இரக்கம்கூட இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

"உனக்குத் தெரிஞ்சிருந்தா உன் குரல் காட்டிக் குடுத்துடும்மா. நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க, நீ சொன்னா நம்புவாங்க. அதுக்குத்தானே உன்ன வேலைக்கு எடுத்தேன்."

என் ரெஸ்யூமேயில் ஒன்றும் இல்லாதபோது கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட ஒருவர் என்றுதான் அவரை நான் அதுவரை நினைத்திருந்தேன். மகள் தட்டோடு வந்தாள். "ஆன்ட்டி, ஹாய்," என்றாள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டி எந்த கிரேடு என்று விசாரித்தார். நான் எழுந்துவிட்டேன். சாப்பிடாமலே காருக்குப் போய்விட்டேன். திரும்பும் வழியில் மகள் பின் சீட்டிலிருந்து, "அம்மா, டிட் ஷி டூ சம்திங் பேட்?" என்று கேட்டாள். கணவர் கண்ணாடி வழியாக அவளை முறைத்து அடக்கினார். ஆமாம் என்று நான் சொன்னேன்.

நியூ ஜெர்சிக்குத் திரும்பி வந்த பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, வேலை இல்லாத அந்தக் காலை ஏழரை மணிக்கு, வீட்டு டிரைவ்வேயில் காரில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன். நிறுத்தச் சொன்ன கடிதத்துக்குப் பிறகு இரண்டு மூன்று முறை பேசியிருந்தோம். சுகம் விசாரிப்பதோடு முடிந்துவிடும். அன்று எல்லாவற்றையும் சொன்னேன். முன்னாலேயே வந்த மின்னஞ்சல், அந்த வெள்ளிக்கிழமை, தமிழ் லைன், கோயிலில் அவர் சொன்னது. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது.  முடித்ததும் அவள் கேட்டாள்.

"அப்ப, எங்கட வீட்ட வந்து சாப்பிடேக்க அவவுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அம்மாட்ட நான் இதச் சொல்ல மாட்டன்."

 வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கப் போய்க்கொண்டிருப்பதாக முந்தின முறை சொல்லியிருந்தாள். அன்றும் அங்கிருந்துதான் வந்திருப்பாள்.

"நீங்கள் தெரிஞ்சு சொன்னனீங்களோ அக்கா, தெரியாமச் சொன்னனீங்களோ?"

"தெரியாமத்தாங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. அவங்க சொன்னதை நம்பித்தான் சொன்னேன்."

"தெரியாட்டி, தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே."

அவள் குரலை உயர்த்தவில்லை. எங்கட வேலையில அதுதான் முதல் பாடம், மண்ணுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்ல வேணும், ஒண்டும் இல்லையெண்டு சொல்லக் கூடாது என்றாள். பிறகு அடுப்பில் சோறு இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள். நான் அப்படியே காரில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் துரோகம் நடந்தது என்று அத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்ததுதான். ஆனால் அவளுக்கு நடந்ததில் என் கையும் இருந்தது. கன்ஃபார்ம்டா என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, நல்ல செய்தி சொல்லும் அவசரத்தில் சனிக்கிழமையே போன் போட்டவள் நான்.

அதற்குப் பிறகு அவள் என் அழைப்புகளை எடுக்கவில்லை. ஒரு நாள் அந்த எண்ணே இல்லை என்று வந்தது.

இப்போது நான் ஒரு டாக்டர் கிளினிக்கில் இன்சூரன்ஸ் பில்லிங் பார்க்கிறேன். பழைய குழுவில் ஒரு பெண் மட்டும் எப்போதாவது மெசேஜ் அனுப்புவாள். வேறு ஒரு நாட்டின் உதவியில் அங்கே மறுபடி வேலை தொடங்கியிருக்கிறது, ஆனால் பதினொரு பேருக்குப் பதிலாக ஐந்து பேர், அதுவும் ரோட்டுக்குப் பக்கத்துத் துண்டில் மட்டும். தாயின் காணி அந்தப் பட்டியலில் இல்லை. தலைவியையும் எடுக்கவில்லை. அவர்கள் ஆள் எடுத்தபோது அவள் கார்மென்ட்ஸில் சேர்ந்திருந்தாள். சுப்பவைசராக இல்லை, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. பட்டன் தைக்கும் வரிசையில் உதவி ஆளாக, தன்னைவிடப் பத்து வயது சின்னவளுக்குக் கீழே.

போன மாதம் அந்தப் பெண்ணோடு பேசியபோது கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அவங்க என்னைப் பத்தி ஏதாவது சொல்றாங்களா?"

"இல்லையக்கா," என்றாள் அவள். "உங்களப் பற்றி அவ கதைக்கிறேல்ல."

சரி என்றேன். அங்கே மழை தொடங்கிவிட்டதா என்று கேட்டேன். இன்னும் இல்லை, கிணற்றுத் தண்ணீரெல்லாம் அடியில் கிடக்கிறது என்று அவள் சொன்னாள்.